ஒரு பெட்டிக்கு ஒரே கை

ஹெஸ்டர் பாஸ்கோ இரண்டு வருஷமாக ஒரு விதிக்காக ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். பிரிஸ்டல் துறைமுகத்தை ஒட்டிய பழைய புகையிலைக் கிடங்கில், குவெர்ன் கம்ப்யூட்டர்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. கீழே இரண்டு மாடிகளிலும் சிப் செய்கிறவர்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் பதினாறு சிப், பதினாறும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று அவர்கள் வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வார்கள். சரி, அந்தப் பதினாறையும் வேலை வாங்க ஒரு மொழி வேண்டுமே, அதை யார் செய்வது? அதுதான் மூன்றாவது மாடியின் தலையெழுத்து.

மொழிக்குப் பிரெய்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள், பின்னல் என்று அர்த்தம். 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளைகளை வரிசையாக அடுக்குகிற பழைய பாணி மொழிதான். புதிதாகச் சேர்ந்தது 'கூடவே' என்ற ஒரே ஒரு சொல். 'இதைச் செய், கூடவே அதையும் செய்' என்று எழுதினால் இரண்டு சிப்புகள் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். அந்தச் சொல் உள்ளே வந்த நாளிலிருந்து மூன்றாவது மாடியில் ஒருவரும் நிம்மதியாக ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை.

ஹெஸ்டரின் விதி இதுதான். சேர்ந்து ஓடுகிற வேலைகள் எத்தனை இருந்தாலும், மெஷினின் நினைவில் ஓர் எண்ணை வைத்திருக்கும் பெட்டியில் அவற்றில் ஒன்றுதான் எழுதலாம். மற்றவை தனித்தனியாகத் தங்கள் பெட்டியில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரே கை. மீறி எழுதினால், எழுதியதை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருகிற கம்பைலர் அந்தப் புரோகிராமை வாங்கவே வாங்காது, அப்படியே திருப்பி முகத்தில் எறியும். அத்தோடு விடாமல் 'யோசித்துவிட்டு எழுதவும்' என்று ஒரு வரியும் அச்சடிக்கும். அந்த வரி ஹெஸ்டரின் கைவண்ணம், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மேலாளர் கிளைவ் ஆன்ட்ரோபஸ் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். அன்றைக்கு ஓட இடமில்லாமல் வந்து நின்றார்.

“ஹெஸ்டர், நம்ம மொழியை வாங்கின அபர்டீன்காரங்க நாப்பதாயிரம் வரி புரோகிராம் அனுப்பினாங்க. நம்ம கம்பைலர் முந்நூத்திப் பன்னெண்டு இடத்துல மாட்டேன்னுடுச்சு.”

“முந்நூத்திப் பன்னெண்டு இடத்துல அவங்க தப்புப் பண்ணியிருக்காங்க.”

“அவங்க அதைத் தப்புன்னு நினைக்கலையே. பள்ளிக்கூட டீச்சர் மாதிரித் திட்டுதுன்னு எழுதியிருக்காங்க.”

“குழந்தைங்க மாதிரி எழுதினா வேற எப்படித் திட்டும்?”

எதிர் மேசையில் டெஸ்மண்ட் ரக் பைப்பைத் தட்டிக்கொண்டே சிரித்தார். ஐம்பத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலத்திலிருந்து புரோகிராம் எழுதுகிறவர். மொழியின் பாதி அவர் செய்தது. அந்தப் பாதியில் ஹெஸ்டரின் விதி ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

“நான் இருபத்தஞ்சு வருஷமா எழுதுறேன்” என்றார். “எந்தப் பெட்டியில யார் கை வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவனுக்கு எதுக்கு விலங்கு?”

“தெரிஞ்சவங்களுக்கு இல்ல டெஸ்மண்ட். மூளை இருக்கிறவங்க இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டாங்க. இது மத்தவங்களுக்கு.”

“மத்தவங்களுக்காக எனக்கும் சேர்த்து மூக்கணாங்கயிறு. ரொம்ப நல்லா இருக்கு மேடம்.”

இரண்டு வருஷமாக இதே பேச்சுத்தான். வேடிக்கை என்னவென்றால், இருவரும் எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் மட்டும் முழு ஒற்றுமை. தாங்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம் என்பதில் இருவருக்கும் இம்மியளவும் சந்தேகமில்லை.

கிளைவ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வியாழக்கிழமை மூணு மணி. நீங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சுக்கு வந்தா, அது என்னவோ அதுவே சட்டம். வரலைன்னா விதியை எடுத்துடலாம். அபர்டீன்காரங்க காத்திருக்க மாட்டாங்க.”

அதன் அர்த்தம் ஹெஸ்டருக்குத் தெரியும். விதி போனால் 'கூடவே' என்ற சொல் ஒரு கண்ணி. மொழியைக் கட்டியவள் என்ற முறையில் அந்தக் கண்ணியை ஊர் முழுக்க வைத்தவள் அவள்தான். அப்படி ஒரு மொழியின் கையேட்டில் தன் பெயர் இருக்கக் கூடாது, விதி போன அன்றே தானும் வேலையை விட்டுப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். டெஸ்மண்ட் ரக்கின் வாயிலிருந்து ஒரு 'சரி' வரவழைக்க அவளுக்கு மூன்று நாள் இருந்தது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அவர் வாயிலிருந்து புகைதான் வந்தது.

அந்த வியாழக்கிழமைதான் ஸ்கிட்டில்ஸ் போட்டியும். வருஷா வருஷம் ஜூனில் மூன்றாவது மாடிக்காரர்களும் சிப் ஆட்களும் திரீ பார்ஜஸ் மதுக்கடையின் பின்கட்டில் மோதுவார்கள். நீளமான மரத் தடத்தின் கடைசியில் ஒன்பது கட்டை நிற்கும். ஆளுக்கு மூன்று உருண்டை, விழுகிற கட்டைதான் கணக்கு. ஒன்பதும் விழுந்துவிட்டால் நிமிர்த்தி வைத்து மேற்கொண்டு வீசலாம். தோற்ற கட்சி ஒரு வருஷம் முழுக்கக் கட்டடத்தின் எல்லாக் கோப்பைகளையும் கழுவ வேண்டும். மூன்றாவது மாடி ஆறு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தது. டெஸ்மண்டுக்கு இது தாங்கவில்லை. மொழியாவது விதியாவது, அந்த மனிதர் இந்த உலகத்தில் உருப்படியாக ஆசைப்பட்டது இந்த ஒரு வெற்றிக்குத்தான்.

மூன்றாவது மாடியில் இருந்தது நாலே பேர். கையேடு எழுதுகிறவர்கள், கேண்டீன் சமையல்காரர் எல்லோரையும் இழுத்துப்போட்டு எட்டாக்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் போனால், கடைக்காரி மிஸஸ் யோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஒன்றரைக்கு முடிச்சுக்கணும் கண்ணுங்களா. ரெண்டு மணிக்குச் சாவு வீட்டுக்காரங்க தேநீருக்கு வர்றாங்க. அவங்க வர்றப்ப ஒரு உருண்டை உருண்டாலும் உங்களையும் உருட்டி விட்டுடுவேன்.”

“ரெண்டரை மணி நேர ஆட்டம் மிஸஸ் யோ” என்றார் சிப் ஆட்களின் தலைவர் ரோலோ டான்ஸ்லி.

“செத்தவர்கிட்டப் போய்ச் சொல்லு ராசா.”

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹெஸ்டர் பின்கட்டைப் பார்த்தாள். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடங்கள் இருந்தன. இத்தனை வருஷமும் ஒன்றில்தான் ஆடுவார்கள், மற்றதில் கோட்டுகளைக் குவித்துவைப்பார்கள்.

“ரெண்டு தடத்துலயும் ஆடலாமே” என்றாள். “ஒவ்வொரு கட்சியையும் பாதியாப் பிரிச்சுக்கலாம். நாலு பேர் இங்க, கூடவே நாலு பேர் அங்க. பாதி நேரத்துல முடியும்.”

சொன்ன மாத்திரத்தில் இரு கட்சிகளும் கை தட்டின. பதினாறு சிப்பை ஒரே நேரத்தில் ஓட்டுகிற ஊரில் இது தோன்றாமல் போனால்தான் அவமானம். ஆட்டத்தையே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று எந்த மீன்கடைக்காரரும் சொல்லியிருப்பார். இவர்களுக்குத் தோன்றாது.

தடங்களுக்கு நடுவில், சுவரில் ஒரு கரும்பலகை. அந்தக் கடையின் வழக்கப்படி தனி ஆள் கணக்கெல்லாம் எழுதமாட்டார்கள், கட்சிக்கு ஒரு மொத்தம்தான். ஒவ்வொருவர் முறை முடிந்ததும் பழைய மொத்தத்தைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். இடது தடத்துக் கணக்கை ஹெஸ்டர் எடுத்துக்கொண்டாள். வலது தடத்துக்கு நெரிஸ் ப்ரோபர்ட். வேல்ஸிலிருந்து வந்தவள், இருபத்தேழு வயது. கம்பைலரை எழுதுவது அவள்தான். பொத்தானைக்கூட இரண்டு முறை சரிபார்த்துப் போடுகிற பெண்.

ஆட்டம் பிரமாதமாக ஓடியது. இரண்டு பக்கமும் தடதடவென்று கட்டைகள் சரிந்தன. மிஸஸ் யோவின் தம்பி ஒரு தடத்திலும் கடையின் சமையலறை ஆள் ஒருவர் மறு தடத்திலும் கட்டைகளை நிமிர்த்தி நிமிர்த்தி மூச்சுவாங்கினார்கள். ஹெஸ்டர் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தாள். ஒருவர் வீசவரும்போது பலகையைப் பார்த்து மொத்தத்தை வாயில் வைத்துக்கொள்வாள். கட்டை விழ விழ அதன்மேல் எண்ணிக்கொண்டே போவாள். மூன்றாவது உருண்டை நின்றதும் திரும்பி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு, சாக்கட்டியால் ஒரு எழுத்து. அவள் கண் அடுத்த ஆளிடம் போயிருக்கும். பலகையை இரண்டு முறை பார்ப்பதெல்லாம் அவளைப் பொறுத்தவரை நேர விரயம்.

கடைசிச் சுற்றில் வலது தடத்தில் டெஸ்மண்ட் வந்தார். கோட்டைக் கழற்றினார். முதல் உருண்டைக்கு ஒன்பது கட்டையும் போயிற்று. நிமிர்த்தி வைத்தார்கள். இரண்டாவதற்கும் ஒன்பது. கூட்டம் அடங்கிப்போனது. மூன்றாவதற்கு ஏழு. இருபத்தைந்து. அந்த மனிதர் வாழ்நாளில் பதினான்கைத் தாண்டியதில்லை. கையேடு எழுதுகிற இரண்டு பேரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். டெஸ்மண்ட் ரக்கை ஒருவர் கட்டிக்கொள்வதை ஹெஸ்டர் அன்றுதான் பார்த்தாள். பார்த்தாள் என்பதுகூடச் சரியில்லை. அவள் தடத்தில் சமையல்காரர் வீசிக்கொண்டிருந்தார், அவள் வாயில் எண் இருந்தது.

ஒன்று இருபத்தெட்டுக்கு ஆட்டம் முடிந்தது. பலகையில் சிப் ஆட்களுக்கு நூற்றைம்பத்திரண்டு, மூன்றாவது மாடிக்கு நூற்று நாற்பத்தொன்று.

“தப்பு” என்றார் டெஸ்மண்ட்.

“என்ன தப்பு? கோப்பை எங்க இருக்குன்னு தெரியும்ல, சோப்பும் அங்கதான் இருக்கு” என்றார் ரோலோ.

“நான் ஒருத்தன் இருபத்தஞ்சு எடுத்தேன்யா.”

“எடுத்தீங்க, பார்த்தோம். மத்தவங்க எடுக்கலையே.”

டெஸ்மண்ட் ஒவ்வொருவரையும் பிடித்து அவரவர் எண்ணைக் கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை, இரண்டு பேர் பொய் சொன்னார்கள். அதற்குள் கறுப்புத் தொப்பிகள் வாசலில் தெரிய, மிஸஸ் யோ துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

திரும்பிப் போகிற வழியில் படகு ஒன்றுக்காகப் பாலத்தைத் திறந்துவைத்திருந்தார்கள். எல்லோரும் வெயிலில் நின்றார்கள். டெஸ்மண்ட் நெரிஸைப் பிடித்துக்கொண்டார்.

“என் தடத்துக்கு நீதானே கணக்கு.”

“ஆமா. இருபத்தஞ்சையும் கூட்டித்தான் எழுதினேன் டெஸ்மண்ட்.”

“எழுதினா எங்க போச்சு? நடந்து போச்சா?”

“எனக்குத் தெரியலை. எழுதினேன். அடுத்த தடவை பார்த்தப்ப கம்மியா இருந்த மாதிரி இருந்துச்சு. நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா. கம்பைலர்லயும் இப்படித்தான் விட்டுட்டுப் போறியா? ரெண்டு இலக்கம் கூட்டத் தெரியாத பொண்ணை நம்பி நாங்க ஒரு மொழியைக் கொடுத்திருக்கோம்.”

நெரிஸின் முகம் சிவந்தது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹெஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண் கூட்டலில் தப்புச் செய்கிறவளா என்ன? ஏழு என்ற எண்ணுக்குக்கூட நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டு எழுதுவாள், ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதென்று. சற்றுமுன்கூட அப்படி ஓர் ஏழு, ஈரத்துணிக்கு அடியில்.

ஹெஸ்டருக்குத் திடீரென்று உறைத்தது.

சமையல்காரர் வீசவந்தபோது பலகையில் நூற்றுப்பன்னிரண்டு. அதை வாயில் வைத்துக்கொண்டு எண்ணினாள். நூற்றுப்பதினைந்து, நூற்றுப்பதினாறு, நூற்றுப்பதினெட்டு. திரும்பினாள், துடைத்தாள், நூற்றுப்பதினெட்டு என்று எழுதினாள். துடைத்தது பன்னிரண்டை என்றுதான் இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் ஏது ஏழு? அவள் எண்ணிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில் நெரிஸ் வந்து, நூற்றுப்பன்னிரண்டோடு இருபத்தைந்தைக் கூட்டி, நூற்று முப்பத்தேழு என்று குறுக்குக்கோட்டோடு எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் துடைத்திருக்கிறாள் ஹெஸ்டர். டெஸ்மண்ட் ரக்கின் வாழ்நாள் சாதனையை ஈரத்துணியால் ஒரே இழுப்பு.

ஒரு பெட்டி, இரண்டு கை. அதுவும் யாருடைய கை.

அவளுக்குக் காது வரை சுட்டது. ஓடிப்போய்ப் படகில் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. இரண்டு வருஷமாக ஊரையெல்லாம் குழந்தைகள் என்று திட்டியவள், அபர்டீன்காரர்களுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவள், ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் அதே தப்பைச் செய்து, செய்தது தெரியாமல் சாண்ட்விச்சும் தின்றிருக்கிறாள். வேறு ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் தெரியப்போவதும் இல்லை. சொன்னால் டெஸ்மண்ட் தன் சாகும் நாள் வரை இதைச் சொல்லிக்காட்டுவார், மூன்று மணிக் கூட்டத்தில் விதிக்குக் குழிவெட்ட அவருக்கு வேறு மண்வெட்டியே வேண்டாம். பாலம் மூடியது. அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

மூன்று மணிக்குக் கிளைவ் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கிளைவ் பிஸ்கட் தட்டை நடுவில் வைத்தார், ஒருவரும் தொடவில்லை.

“நான் சுருக்கமாச் சொல்லிடுறேன்” என்றார் டெஸ்மண்ட். “இன்னிக்கு நடந்ததே போதும். பலகையில தப்பு வந்துச்சு. ஏன் வந்துச்சு? ஒருத்தர் கவனமா இல்ல. இதோ உட்கார்ந்திருக்கு. கவனமில்லாதவங்களை வேலையிலிருந்து எடுக்கணும். அதை விட்டுட்டுக் கவனமா இருக்கிறவன் கையைக் கட்டுறது என்ன நியாயம்?”

நெரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து வரை சிவப்பு. கிளைவ் ஹெஸ்டரைப் பார்த்தார். “உங்க பக்கம்?”

ஹெஸ்டர் தயாரித்து வைத்திருந்த பதினோரு பக்கமும் மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை.

“அது நான்” என்றாள்.

“எது நீ?”

“உங்க இருபத்தஞ்சை அழிச்சது நான். நெரிஸ் சரியாத்தான் எழுதியிருந்தா. நான் பழைய கணக்கை வாயில வெச்சுக்கிட்டு வந்து, அவ எழுதினதுக்கு மேல துடைச்சு எழுதிட்டேன். பார்க்கலை.”

டெஸ்மண்ட் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த வெளிச்சம்.

“மேடமா?”

“மேடம்தான்.”

“மூளை இருக்கிறவங்க பண்ணவே மாட்டாங்கன்னு சொன்ன மேடமா?”

“அதைத்தான் சொல்ல வர்றேன். மொழி செஞ்சவ நான், விதி போட்டவ நான். ரெண்டு தடம்னு யோசனை சொன்னதும் நான். எனக்கே தெரியலை. இது முட்டாளுங்களுக்கான விதின்னு சொல்லிட்டிருந்தேன் பாருங்க, அது பொய். இது எனக்கு.”

நெரிஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

“நம்ப மாட்டேன்” என்றார் டெஸ்மண்ட். “அந்தப் பொண்ணைக் காப்பாத்த நீ பழியை ஏத்துக்கிற. செஞ்சு காட்டு.”

செய்து காட்டினார்கள். கிளைவின் வெள்ளைப் பலகையில் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதி, இந்தப் பக்கம் ஹெஸ்டர், அந்தப் பக்கம் நெரிஸ். டெஸ்மண்ட் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் வீச, கிளைவும் ஒரு கூடையை வைத்துக்கொண்டு சமையல்காரராக வீசினார். ஹெஸ்டர் எண்ணி முடித்துப் பலகைக்குத் திரும்பினாள். நெரிஸ் இன்னும் வரவில்லை. எழுதினாள், பிறகு நெரிஸ் வந்து பார்த்துக் கூட்டினாள், கணக்குச் சரியாக வந்தது.

“இன்னொரு தடவை.”

இந்தத் தடவை நெரிஸ் முந்திக்கொண்டாள். ஹெஸ்டர் பலகையைப் பார்த்தாள், எல்லோரும் உற்றுப் பார்க்கும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. சரியாக வந்தது. மூன்றாவது தடவையும் சரி. நான்காவது தடவை ஹெஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுகூட எழுதினாள், பாழாய்ப்போன கணக்கு அப்போதும் சரியாகவே வந்தது. நெரிஸ் அதற்குள் வந்து சேரவில்லை. ஹெஸ்டருக்குத் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லியும் நிரூபிக்க முடியவில்லை.

“பார்த்தீங்களா, சரியாத்தானே வருது” என்றார் கிளைவ், கடைசியில் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு. “அப்ப பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?”

டெஸ்மண்ட் கையில் கசக்கிய காகிதத்தோடு அப்படியே நின்றார். அந்த வெளிச்சம் முகத்தை விட்டுப் போயிருந்தது.

“நாலு தடவை” என்றார். “நாலு தடவையும் சரியா வந்துச்சு.”

“ஆமா.”

“நாங்களும் அதைத்தான் செஞ்சோம். நாள் பூரா ஓட்டிப் பார்த்தோம்.”

“எதை?” என்றாள் ஹெஸ்டர்.

அவர் உட்கார்ந்தார். “பாலை. அறுபத்தொன்பதுல ஷெப்டன் பக்கம் ஒரு பால் ஆலை. ஒரு பெரிய தொட்டி. பால் உள்ள வர்றப்ப ஒரு புரோகிராம் கணக்கைக் கூட்டும், வெளியே போறப்ப இன்னொண்ணு கழிக்கும். தொட்டியில எவ்வளவு இருக்குன்னு ஒரே பெட்டி. ரெண்டும் நான் எழுதினது. ஒன்பது மாசம் பிசகு இல்லாம ஓடுச்சு. ஒரு நாள் விடியக்காலம், தொட்டியில இடம் இருக்குன்னு மெஷின் நினைச்சுக்கிச்சு. அறுநூறு கேலன் தரையில வழிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பூனையெல்லாம் வந்துடுச்சு.”

கிளைவ் சிரிக்கப்போய், யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“மறுநாள் நூறு தடவை ஓட்டினோம். நூறு தடவையும் சரியா வந்துச்சு. மெஷின்ல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. அப்ப ஆள்தானே தப்பு? செட்சோய்னு ஒரு ஆபரேட்டர். அவர் வால்வைத் திறந்துட்டுத் தூங்கிட்டாருன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை அனுப்பிட்டாங்க. மூணு குழந்தை அவருக்கு.”

ஹெஸ்டர் தன் பதினோரு பக்கத்தையும் கவிழ்த்துவைத்தாள். சண்டை போடத்தான் அவள் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தாள்.

டெஸ்மண்ட் நெரிஸ் பக்கம் திரும்பினார். “பாலத்துல நான் பேசினது தப்பு. நீ தப்பாக் கூட்டினேன்னு நான் சொன்னப்ப, நீயே பாதி நம்பிட்ட இல்ல?”

“ஆமா” என்றாள் நெரிஸ்.

“அவரும் பாதி நம்பியிருப்பாரோன்னு பயமா இருக்கு.” பிறகு கிளைவைப் பார்த்துச் சொன்னார்: “விதி இருக்கட்டும். அபர்டீன்காரங்களுக்கு நானே கடிதம் எழுதுறேன். அந்த முந்நூத்திப் பன்னெண்டையும் உட்கார்ந்து நானே சரி பண்ணிக் கொடுக்கிறேன்.”

இரண்டு வருஷம் ஹெஸ்டர் காத்திருந்த 'சரி' அது. வந்தபோது துள்ளிக்குதிக்கத் தோன்றவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, இறங்கிய இடத்தில் அந்த முன்பின் தெரியாத செட்சோய் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் கலைந்தது. அழிந்த இருபத்தைந்தை ரோலோ ஒப்புக்கொள்ளப்போவதில்லை என்பதால் கோப்பை கழுவும் அட்டவணை போட ஹெஸ்டர் தாழ்வாரத்துக்கு வந்தபோது டெஸ்மண்ட் அங்கே தொலைபேசியருகே நின்றிருந்தார். தொலைபேசி விசாரணைக்குக் கூப்பிட்டு ஷெப்டன் வட்டாரத்தில் செட்சோய் என்ற பெயரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, நாலு எண்களைத் தன் சட்டைக் கையிலேயே எழுதியிருந்தார். இரண்டு எண்களில் வேறு ஆட்கள். மூன்றாவதைச் சுழற்றினார். ஹெஸ்டர் போய்விடலாம் என்று நினைத்தாள், ஆனால் நின்றாள்.

“வில்ஃப் செட்சோய் இருக்காரா? பால் ஆலையில இருந்தவர்... நீங்கதானா. நான் டெஸ்மண்ட் ரக். ஞாபகம் இருக்காது... ஆமா. அதே ரக்தான்.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காது மடல் வெளுத்திருந்தது.

“அந்தத் தொட்டி விஷயமாத்தான். நீங்க அன்னிக்குத் தூங்கிட்டீங்கன்னு எழுதிக் கொடுத்தேன். தப்பு உங்களுது இல்ல மிஸ்டர் செட்சோய். என் புரோகிராம்ல இருந்துச்சு. எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. பதினேழு வருஷம் கழிச்சுச் சொல்றேன், மன்னிக்கணும். நீங்க தூங்கலை.”

மறுமுனையில் எங்கேயோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. பிறகு ஒரு கிழட்டுக் குரல், காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் உரக்க, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

“தெரியும். நான் முழிச்சுட்டுதானே இருந்தேன்.”